மஹராக வந்த பச்சைக்கல்

என் அக்கா ஜெய்தூன் பீவியின் மாப்பிள்ளை சனாவுல்லா மச்சானைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வாடையைப் பற்றித்தான் சொல்வார்கள். சொல்லட்டும். தோல்ஷாப்பில் தோல் பதனிடுகிறவர் மேல் அத்தரா மணக்கும்? திண்டுக்கல் பேகம்பூரில் பாதி வீடுகளில் அந்த வாடை உண்டு. மற்றவர்கள் மேல் குளித்தால் போய்விடும். மச்சான் மேல் போகாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினாலு வயதிலிருந்து அவர் சதை சீவினவர். சுண்ணாம்புக் குழியில் ஊறி முடி உதிர்ந்த தோலைச் சாய்வான மரத்தின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் உள்பக்கத்துச் சதையை வழித்தெடுக்கிற வேலை அது. ஒரு கீறல் விழக்கூடாது, ஒரு பொட்டுச் சதை ஒட்டியிருக்கவும் கூடாது. அதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் வருஷக்கணக்காகச் சுண்ணாம்பிலேயே கிடந்த கை விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது. கொதிக்கிற டீ கிளாஸை அப்படியே பிடிப்பார். "சூடா இல்லையா மச்சான்?" என்றால், "நீ சொன்னாத்தான் தெரியுது" என்பார்.

அக்காவுக்கு இதற்கு நேர்மாறு. ஏழு வயதில் பெரியம்மை போட்டு ஒரு கண் முழுக்கப் போய்விட்டது. இன்னொன்றில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். அவளுக்குக் கண்ணெல்லாம் விரல்தான். அரிசியில் கல் பொறுக்கினால் என்னைவிடச் சுத்தமாகப் பொறுக்குவாள், அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்காட்டவும் செய்வாள்.

வாடை அடிக்கிறவனுக்குப் பெண் கொடுக்க ஆள் இல்லை, கண் தெரியாதவளைக் கட்ட ஆள் இல்லை என்று தெருவே சேர்ந்து இந்தச் சம்பந்தத்தைப் பேசியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அக்கா என்ன மூலையில் கிடந்த தட்டுமுட்டுச் சாமானா, யார் தலையிலாவது கட்டிவிட? அக்காவோ, "ஏண்டி சர்பு, அவுக வாசல்ல வரும்போதே எனக்குத் தெரிஞ்சு போகும்ல. கண்ணு இருக்கவளுக்குக்கூட அம்புட்டுச் சுருக்காத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தாள். சர்பு என்பது நான்தான், சர்புன்னிசா.

நிக்காஹ் 1952-இல் எங்கள் வீட்டில் நடந்தது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்தாக வேண்டியது மஹர். அது முழுக்கப் பெண்ணின் சொத்து. கட்டினவர்கூட அவளைக் கேட்காமல் தொட முடியாது. நிக்காஹ் ஓதிவைக்க வந்த ஹஜ்ரத், மஹர் என்ன என்று கேட்டபோது மச்சான் ஒரு வெள்ளி மோதிரத்தை வைத்தார். கூடவே துணியில் சுற்றின ஒரு கல்லையும் வைத்தார்.

கொட்டாங்கச்சி அளவுக்கு ஒரு வெள்ளைக் கல். அதன் மேல் பச்சை பச்சையாகக் கட்டிகள் முளைத்திருந்தன. சில கொண்டைக்கடலை அளவு, சில புளியங்கொட்டை அளவு. ஒவ்வொன்றுக்கும் பட்டை தீட்டின மாதிரி வழவழவென்று முகங்கள். எரியோட்டுப் பக்கமிருந்து தோல்ஷாப்புக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றி வருகிற வண்டிக்காரர் ஆண்டிச்சாமி அதை வீசப்போனாராம். "பச்சை விழுந்த கல்லு காளவாசல்ல வேகாது பாய். சுண்ணாம்புக் குழிக்கு அடியில நறநறன்னு கெடந்து தோலக் கீறிப்புடும்" என்றாராம். மச்சான்தான் அதை வாங்கி வைத்திருந்தார்.

"கல்லெல்லாம் மஹர் ஆகுமா தம்பி?" என்றார் ஹஜ்ரத்.

"பொண்ணுட்டக் கேளுங்க ஹஜ்ரத். வேணாம்னு சொன்னா மோதிரத்தோட நிறுத்திக்கிறேன்."

பெண்ணிடம் சம்மதம் கேட்க, அவள் சார்பில் பேசுகிற பெரியவரான வக்கீலும் இரண்டு சாட்சிகளும் உள்ளே வந்தார்கள். தட்டில் கல்லும் வந்தது. முக்காட்டுக்குள் இருந்த அக்கா அதை மடியில் வைத்துத் தடவினாள். தடவினாள், தடவிக்கொண்டே இருந்தாள். வெளியே எல்லோரும் காத்திருக்கிறார்கள், நான் அவள் தோளை இடிக்கிறேன்.

"இத யாரு செஞ்சா?" என்று கேட்டாள்.

"யாரும் செய்யலையாம்மா. மண்ணுக்குள்ள இருக்கும்போதே இப்பிடித்தானாம்" என்றார் வக்கீல்.

"சம்மதம்னு சொல்லுங்க."

பொண்ணே கேட்டு வாங்கின பிறகு நாம் யார் தடுக்க என்று ஹஜ்ரத் எழுதிக்கொண்டார். கல்லைக் கொடுத்துப் பெண்ணை ஏமாற்றிவிட்டான் என்று நான் மூன்று மாதம் மச்சானோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் கேட்டேவிட்டேன், ஏன் கல்லைக் கொடுத்தீர்கள் என்று. "மோதிரம் ஒரு விரலுக்குத்தான் ஆகும் சர்பு. இது பத்து விரலுக்கும் ஆகும்ல" என்றார். அந்த மனுஷனோடு அதற்கப்புறம் சண்டை போட என்னால் முடியவில்லை. முடியவில்லை என்றால், பெரிய சண்டை.

கல்லில் மொத்தம் பதினேழு கட்டிகள். அக்கா ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தாள். நடுவில் பெரிதாக உட்கார்ந்திருந்தது மாமியார். தனியாக ஓரத்தில் நின்றது ஹஜ்ரத். ஒட்டி ஒட்டி ஒரே அச்சாக இருந்த இரண்டும் இரட்டைப்பிள்ளைகள். விரலைக் கிழிக்கிற மாதிரி கூராக ஒன்று இருந்தது, அதற்கு என் பேர். எப்படி இருக்கிறது பாருங்கள்! இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை அவளுக்கு. அந்த நாட்களில் அந்தக் கல்லை மடியை விட்டு இறக்கவே மாட்டாள்.

மற்ற நாளில் அது சுவர் மாடத்தில் இருக்கும். மச்சான் சாயங்காலம் வந்து சாப்பிட உட்காரும்போது அக்கா கேட்பாள், "இன்னைக்கு எப்பிடிப் பச்சையா இருக்கு?" அவள் பச்சையைப் பார்த்தது ஏழு வயதுவரைதான். மச்சான் சோற்றுக் கையோடு மாடத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "மழ பேஞ்ச மறுநா கொத்தமல்லி" என்பார். இன்னொரு நாள், "இன்னைக்கு மூட்டமா இருக்கா, வேப்பங்கொழுந்து முத்தின மாதிரி இருக்கு" என்பார். நான் அங்கே போயிருந்தால், இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று சொல்லிவிட்டு வெஞ்சனக் கிண்ணத்தை நகர்த்தி வைப்பேன்.

எட்டு வருஷம் இப்படியே போனது. 1960-இல் பவுல்ராஜ் வாத்தியார் வந்தார். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறவர். சனிக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு எரியோடு, கன்னிவாடி என்று கல் பொறுக்கப் போய்விடுவார். வீட்டில் ஒரு பீரோ நிறையக் கல், ஒவ்வொன்றுக்கும் நம்பரும் சீட்டும் ஒட்டியிருக்குமாம். ஆண்டிச்சாமிதான் அவரிடம், தான் பார்த்ததிலேயே நல்ல கல் தோல்ஷாப்பு பாய் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கல்லைப் பார்த்ததும் வாத்தியார் லென்ஸை எடுத்துக்கொண்டு அதன் மேல் குனிந்தார். "பச்சை கார்னெட்டும்மா இது, ரத்தினக்கல்லுல ஒரு வகை! செவப்புன்னா இந்தப் பக்கம் கொட்டிக் கிடக்கு. பச்சையில இம்புட்டுப் பெருசு, அதுவும் பொறந்த பாறையோட, நான் கண்டதே இல்ல. எங்கிட்டக் குடுத்தீங்கன்னா என் பீரோவில முதல் தட்டுல வச்சுக்குவேன்."

"அது என் மஹர் சார்" என்றாள் அக்கா.

சரிம்மா என்று அவர் எழுந்தார். ஆனால் போகிறவர் சும்மா போயிருக்கலாம். பையிலிருந்து ஒரு சிவப்புக் கட்டியை எடுத்து அக்கா கையில் வைத்தார். பாறையில் ஒட்டாமல் தனியாக உருண்டு கிடந்ததாம். பன்னிரண்டு முகமும் முழுசாக இருந்தது. அக்கா அதை உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"இதுக்குப் பின்பக்கமும் இருக்கே!" என்றாள். "அப்ப எங்கல்லுல இருக்கிறதுக்கும் இருக்குமா?"

"இருக்கும்மா. பாறைக்குள்ள புதைஞ்சு கெடக்கு."

"இம்புட்டு நாளா நான் பாதியத்தான் பாத்துருக்கேன் போல" என்றாள் அக்கா. குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். மச்சான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வாத்தியார் போகும்போது வாசலில் என்னிடம் ஒன்று சொன்னார். "தங்கச்சி, அந்த வெள்ளைக் கல்லுல கைவைக்க வேணாம்னு வீட்டுல சொல்லிருங்க. சேகரிக்கிறவங்களுக்குப் பாறையோட இருந்தாத்தான் மதிப்பு. அத எடுத்துட்டா ஒண்ணும் இல்ல." நான் தலையை ஆட்டினேன். கல்லிலிருந்து யாராவது கல்லை எடுப்பார்களா, இந்த ஆளுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். சொல்லவில்லை. அந்தப் பாவம் என்னுடையது.

மறு வாரம் மச்சான் அக்காவிடம், கல்லைக் கொஞ்ச நாள் தருகிறாயா என்று கேட்டிருக்கிறார். முறையாகக் கேட்டுத்தான் வாங்கினார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஒட்டியிருப்பதை எடுத்தால் உள்ளே இருப்பது அழகாக வரும். தோலில் ஏறின சுண்ணாம்பைப் போக்க, ஆவாரம்பட்டை ஊறின பழைய தண்ணீரில் போடுவார்கள். புளித்துப் போன தண்ணீர், கிட்டப் போனால் மூக்கைத் துளைக்கும். வெள்ளைக் கல்லும் சுண்ணாம்புக்கல்தானே, தோலுக்குப் போகிற சுண்ணாம்பு கல்லுக்குப் போகாதா என்று கல்லை ஒரு பானையில் அந்தத் தண்ணீரில் போட்டார். பொடிப்பொடியாக நுரை வந்தது. தினமும் தண்ணீரை மாற்றினார். ஒரு மாதம் பொறுமையாக மாற்றினார். பச்சைக் கட்டிகளின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரவர, அக்கா முழுசாகத் தடவிப் பார்க்கிற நாளை நினைத்துக்கொண்டே வேலை செய்தாராம். கடைசியில் கத்தி முனையால் லேசாக நெம்பினார். பதினேழும் பானைக்குள் உதிர்ந்தன.

எடுத்துப் பார்த்தால் ஒன்றுக்கும் பின்பக்கம் இல்லை. வாத்தியார் காட்டின சிவப்புக்கல் மாதிரி பன்னிரண்டு முகம் இல்லை. பாறைக்குள் இருந்த பாதியெல்லாம் வெடித்து, பொத்தலும் சில்லுமாக, கருகின பொரிகடலை மாதிரி கிடந்தது.

மச்சான் வீட்டில் சொல்லவில்லை. கேட்டால், ஷாப்பில் பத்திரமாக இருக்கிறது என்றார். நாற்பது நாள் இப்படியே ஓட்டினார். மாடம் காலியாக இருந்தது. அக்கா பாத்திரம் கழுவும்போது விரல் சும்மா சும்மா மாடத்துப் பக்கம் போய் வரும். நான் பார்த்தேன்.

அப்புறம் வாத்தியார் ஆள்விட்டார், வருகிற சனிக்கிழமை கல்லை ஒருதரம் பார்த்துப் படம் வரைந்துகொள்ளட்டுமா என்று. அக்கா என்னைக் கூப்பிட்டு, "ஷாப்புக்குப் போயி அவுகட்டக் கல்ல வாங்கிட்டு வாடி" என்றாள். பொம்பளைகள் தோல்ஷாப்புக்குள் போகிற வழக்கம் இல்லை. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனேன். மச்சான் சதை சீவுகிற சாய்வு மரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் கல் என்றதும் கத்தியைக் கீழே வைத்தார். கைலி மடிப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்துக் காட்டினார்.

"இத நான் எப்பிடிக் குடுப்பேன் சர்பு?"

"யா அல்லா! என்ன வேல பாத்து வச்சிருக்கீக மச்சான்? வெள்ளக் கல்லுல கைவைக்க வேணாம்னு வாத்தியார் சொன்னாரே!"

"யாருட்டச் சொன்னாரு?"

"எங்கிட்டத்தான்" என்றேன். என் வாழ்நாளில் நான் மெதுவாகப் பேசின ஒரே வார்த்தை அதுதான்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவளோட மஹரு சர்பு. நான் குடுத்ததே அது ஒண்ணுதான். அதையும் நானே நாசம் பண்ணிட்டேன். நாளைக்கு நான் மவுத்தானா அல்லாட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்றார். நாற்பத்தைந்து வயது மனுஷன், கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கி, கையெல்லாம் சுண்ணாம்பு என்று தெரிந்து இறக்கிக்கொண்டார். நான் என் துப்பட்டி முனையால் துடைத்துவிட்டேன்.

அவரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் அக்காவின் மடியில் துணியை விரித்து வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். என் பங்கை நான் சொன்னேன். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினாள். முன்பக்கம், பின்பக்கம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பின்னாடி இப்பிடியா இருக்கு?" என்றாள்.

"அம்புட்டும் இப்பிடித்தான்" என்றார் மச்சான்.

"அதான் அல்லா மறைச்சு வச்சிருக்கான். நான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இல்லாம..." அதற்கு மேல் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடேயே கோபமும் வந்தது. "கல்லு போனாப் போகுது. நாப்பது நாளு இத இடுப்புல கட்டிக்கிட்டு, நான் போட்ட சோத்தத் தின்னுட்டு, எங்கிட்டச் சொல்லாம எப்பிடி இருந்தீக? நான் உங்களுக்கு யாரு?"

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "உங்க குழிச் சுண்ணாம்பு கொஞ்சம் கொண்டாங்க" என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஷாப்பு லீவு. ஆண்டிச்சாமி அந்தப் பச்சைக்கல் கிடைத்த அதே பள்ளத்திலிருந்து குழிவான ஒரு வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். கொத்தனார் வேலைக்குச் செய்கிற மாதிரி சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு நான் குழைத்துக் கொடுத்தேன். ஜும்மா தொழுகை முடிந்து வந்த மச்சான் அதைக் கல்லின் குழிவில் அப்பினார். அக்கா கையை நீட்டினாள். அவர் வெடுக்கென்று தட்டிவிட்டார்.

"தொடாத புள்ள! என் விரலத் தின்ன சுண்ணாம்பு இது. உன் விரலு போச்சுன்னா உனக்கு என்ன இருக்கு?"

அதனால் அக்கா காய்ந்த கட்டிகளை மட்டும் எடுத்தாள். தடவிப் பார்ப்பாள், பேர் சொல்வாள், இடம் சொல்வாள். "இது மாமியா. நடுவுல. மூக்கு கெழக்க பாக்கணும். இன்னும் கொஞ்சம் சாய்ச்சு." மரத்துப் போன விரலால் மச்சான் அழுத்துவார். எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவருக்குத் தெரியாது, அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "போதும்" என்பாள். "இது ஹஜ்ரத்து, ஓரமா, தனியா. இது சர்பு, பாத்து, குத்திப்புடுவா." நான் முறைத்தது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, சிரித்தாள். எட்டு வருஷம் தடவினதில் ஒரு நூல் பிசகாமல் அவளுக்கு நினைவிருந்தது. உடைந்த பாதியெல்லாம் மறுபடியும் வெள்ளைக்குள் போய் மறைந்தது.

பதினைந்து வைத்தாகிவிட்டது. மிச்சம் இரட்டைப்பிள்ளைகள். அக்கா இரண்டையும் மாற்றி மாற்றித் தடவினாள். முகம் சுருங்கியது.

"இது ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். எது எந்தப் பக்கம்னு விரலுக்குத் தெரியல. எடம் தெரியுது, ஆளு தெரியல" என்றாள். சொல்லிவிட்டுக் கையை மடக்கிக்கொண்டாள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு அது நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. ஏதாவது ஒன்றை எப்படியாவது வையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இங்க குடு" என்றார் மச்சான். இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கறுத்த பச்சை பள்ளிவாசப் பக்கம். வெளுத்தது அடுப்படிப் பக்கம். தெனமும் சோறு திங்கையில உனக்குப் பாத்துச் சொன்னவன் நான்தான, எனக்குத் தெரியாதா?"

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டையும் அழுத்தினார். அழுத்தி முடித்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. நான் எழுந்து டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்கும் அழ வேண்டியிருந்தது.

சனிக்கிழமை வாத்தியார் வந்தார். லென்ஸை வைத்துப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. யாரோ செத்த வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு, "ஒட்டுன கல்லு பீரோவுக்கு ஆகாதும்மா. சேகரிக்கிறவங்க யாரும் இனி இத வாங்க மாட்டாங்க" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் அக்கா. அப்படி ஒரு நிம்மதியோடு அவள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. வாத்தியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறமும் அவர் வருவார், கல்லைப் பார்க்க இல்லை, அந்தச் சுண்ணாம்பு விரிசல் விடாமல் இருக்கிறதா என்று பார்க்க. விரிசல் விடவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் கொத்தமல்லியும் வேப்பங்கொழுந்தும் மாடத்திலிருந்து சோற்றுத் தட்டுக்கு வந்துகொண்டிருந்தன.

மச்சான் மட்டும் மனதுக்குள் ஆறவில்லை. உடம்பு முடியாமல் படுத்தபோதும் என்னிடம் கேட்டார், "ஒட்டிக் குடுத்தது மஹர் ஆகுமா சர்பு?" ஹஜ்ரத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. இந்தத் தடவை மறந்து அல்ல, ஹஜ்ரத்துக்கு என்ன தெரியும் என்று நினைத்துத்தான்.

1968-இல், ரஜப் மாதத்தில், மூச்சுத் திணறி அவர் போய்ச் சேர்ந்தார். குளிப்பாட்டிக் கபன் துணி இட்டு, சந்தூக்குப் பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால், பெரிய பொம்பளைகள் வழக்கப்படி அக்காவிடம் வந்து குனிந்து கேட்டார்கள். புருஷன் மஹர் பாக்கி வைத்துப் போயிருந்தால் பெண்டாட்டி மன்னித்துவிட வேண்டும். அப்போதுதான் அவர் பாரமில்லாமல் போவார்.

"மஹர மன்னிச்சிட்டேன்னு சொல்லும்மா."

அக்காவின் மடியில் கல் இருந்தது. இரண்டு கட்டைவிரலும் இரட்டைப்பிள்ளைகள் மேல் இருந்தன.

"மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றாள், வாசலில் நிற்கிற ஆம்பளைகளுக்கும் கேட்கிற மாதிரி. "எனக்கு அவுக ரெண்டு தரம் மஹர் குடுத்துருக்காக."